உப்பளத்தில் காயாத துணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நானாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்கிற எண்ணம் இருந்திருந்தால் இதைவிடக் கொஞ்சம் சுத்தமான கதையாகச் சேர்த்திருப்பேன். இதைக் கேட்ட பிறகு ஒரு வாரம் என்னால் கீரை சாப்பிட முடியவில்லை. தட்டில் பச்சையாக எது இருந்தாலும் ஒதுக்கி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கதை படிக்கிறவர்கள் தயவுசெய்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், மே மாதத்து உச்சி வெயிலில், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது. நிழல் என்று ஒன்று இல்லாத இடம் அது. இருட்டில் ஏதோ தெரியாமல் பயந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஹம்னா எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஹம்னா மரக்காணத்துப் பெண். பயோடெக்னாலஜி படித்தவள். உப்பளத்தின் ஓரத்தில் உப்பு எடுக்காமல் கிடந்த பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு சென்னைக் கம்பெனி பாசி வளர்த்தது. அங்கேதான் அவளுக்கு வேலை. பாசி என்றால் குளத்துப் படியில் காலை வழுக்குமே, அது இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. ஒவ்வொன்றுக்குள்ளும் துளியூண்டு எண்ணெய் இருக்குமாம். அதைப் பிழிந்து டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம், நாளைக்கு விமானமே ஓட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டாம், நல்ல நிலமும் வேண்டாம். உப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். இரண்டுக்கும் மரக்காணத்தில் என்ன பஞ்சம்?

நீளவட்டமாக ஒரு பெரிய தொட்டி. நடுவில் ஒரு துடுப்புச் சக்கரம் சளக்... சளக்... என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றால் பாசி அடியில் படிந்து, ஒரே மதியத்தில் அழுகிவிடும். வெயிலில் வற்றுகிற தண்ணீரை ஈடுகட்ட, வெளி வரப்பில் இருந்த குழியிலிருந்து மோட்டார் உப்புத் தண்ணீரை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். பாசி முற்றியதும் தண்ணீரை இறைத்துப் படிகாரம் போடுவார்கள். பாசி திரண்டு வரும். அதைத் துணி கட்டிய சட்டத்தில் ஊற்றினால் தண்ணீர் வடிந்து, மேலே பச்சை மாவு நிற்கும். இவ்வளவுதான் வேலை.

அந்த வாரம் கம்பெனிக்கு வாழ்வா சாவா என்கிற வாரம். பணம் போடுகிற ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு டிரம் நிறைய மாவு நிற்க வேண்டும். நின்றால் வேலை தொடரும், இல்லாவிட்டால் பூட்டு. ஹம்னாவின் அத்தா சவூதியில் லாரி ஓட்டி, முதுகு போய், வீட்டோடு வந்துவிட்டவர். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அதனால்தான் நாற்றம் வந்தபோதும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

புதன்கிழமை வடிகட்டும் துணி கிழிந்துவிட்டது. பொறுப்பாளர் சிவஞானம் சேலத்துக்காரர், நல்ல மனுஷன், குரல் எழுப்பிப் பேசத் தெரியாதவர். அவரே பைக்கை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய் ஒரு கட்டு வெள்ளைத் துணி வாங்கி வந்தார். அவர் மேல் அத்தர் மணத்தது.

"என்ன சார், ஜும்மாவுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றாள் ஹம்னா.

"துணி வாங்கினா இதையும் ஃப்ரீயா குடுத்தாருங்க. கற்பூரம், பஞ்சு எல்லாம் இருக்குது. கற்பூரத்த சாமி படத்துக்கு ஏத்திட்டேன்."

ஹம்னா சிரித்துவிட்டு லேப் ஷெட்டுக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஐந்து சட்டங்களிலும் துணியைக் கட்டி, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். துணிகள் ஐந்தும் ஐந்து அளவு. ஓரங்களைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்திருந்தார்கள். ஒன்றில் நடுவில் நீளமாக ஒரு கிழிசல்.

"ஏமாத்திட்டான் பாரு சாரை. கிழிஞ்சதத் தள்ளிவுட்டுட்டான்" என்று திட்டிக்கொண்டே ஜான்சி அந்தக் கிழிசலைத் தைத்தாள். ஜான்சி பக்கத்துக் குப்பத்துப் பெண், தொட்டி வேலையில் எல்லோருக்கும் மூத்தவள்.

வியாழக்கிழமை காலை ஹம்னா முதல் சட்டத்திலிருந்து மாவை வழிக்கக் கை வைத்தாள். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மாவு சூடாக இருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் இருக்குமே, அப்படி ஒரு சூடு. அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய், கையை எடுத்ததும் மெதுவாக மேலே எழும்பியது. வழக்கமாக அந்த மாவில் புல்லும் மீனும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அன்றைக்குக் கற்பூரம் அடித்தது. கற்பூரத்துக்கு அடியில் வேறு ஏதோ. இனிப்பாக... தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிற மாதிரி.

துணிகளை அலசிக் கொடியில் போட்டார்கள். உப்பளத்து வெயிலில் துணி காய எவ்வளவு நேரம் ஆகும்? டீ குடித்துவிட்டு வந்தால் மொடமொடவென்று நிற்கும். இந்த ஐந்தும் காயவில்லை. மதியம் தொட்டுப் பார்த்தாள், ஈரம். சாயங்காலம் தொட்டாள், ஈரம். ஈரத்தோடு ஒரு குளிர்ச்சி வேறு. பக்கத்தில் போட்ட ஜான்சியின் முந்தானைத் துண்டு பொரிந்துகொண்டிருந்தது.

சிவஞானம் வந்து மாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு எவ்வளவு என்று பார்க்க அவருக்கு அதுதான் வழி.

"இன்னைக்கு நல்லா திக்கா வந்திருக்குதுங்க. கொழுப்பு ஏறியிருக்குது" என்றார். விரலை இன்னொரு தடவை சப்பினார்.

"சார், மோட்டார் குழில நாறுது."

"மீன் எதுனா செத்துக் கெடக்கும். திங்கக்கெழமை முடியட்டும், குழிய சுத்தம் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் மோட்டார மட்டும் நிறுத்திடாதீங்க."

அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜான்சி சொன்னாள். "மேடம், மத்தியானம் உங்க ஆளுங்க ஒருத்தர் வந்தாங்க."

"எங்க ஆளுங்கன்னா?"

"பாய் வூட்டு அம்மா. வயசானவங்க. வெள்ளத் துப்பட்டி போட்டுக்கினு."

"என்ன வேணுமாம்?"

"குளிப்பாட்ட வந்தேன், தண்ணி எங்கன்னு கேட்டாங்க. தொட்டி கழுவற ஆளு போல, சார் வரச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சிக்கினேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

குளிப்பாட்ட வந்தேன் என்று ஹம்னாவின் ஆட்கள் வீடுகளில் சொல்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஜான்சி ஒன்றைக் கேட்டு ஒன்றைச் சொல்கிறவள். ஹம்னா அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

பாசி மாவை முகத்தில் பூசினால் பளபளப்பு வரும் என்று தொட்டி வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற மிச்சத்தை வழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முகத்தில் அப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். திங்கட்கிழமை போட்டோ எடுப்பார்கள் என்பதால் அன்றைக்கு ஹம்னாவும் பூசிக்கொண்டாள். ஜான்சிதான் பூசிவிட்டாள், கன்னம், நெற்றி, உதட்டோரம் வரை.

வெயிலில் அது இறுகியது. கொஞ்ச நேரம் கழித்து ஹம்னா தாடையோரம் நகத்தால் கிளப்பினாள். எப்போதும் பொடிப்பொடியாக உதிரும். அன்றைக்கு முழுசாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. பச்சையாக, வழவழவென்று, ஓரத்தில் சுருண்டுகொண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் மயிர்க்கால்கள் இருந்தன. சுருக்கங்கள் இருந்தன. கண்ணோரத்தில், வாயோரத்தில், ஆழமான வயசான சுருக்கங்கள். ஹம்னாவுக்கு இருபத்து நாலு வயசு.

சீ என்று உதறினாள். அது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். உதட்டை நக்கியபோது கற்பூரம் கசந்தது. அப்படியே குனிந்து, சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது தூரத்தில், வெளி வரப்பில், மோட்டார் குழிக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். வெள்ளைத் துப்பட்டி. கானல் ஆடியதில் முகம் தெரியவில்லை. துப்பட்டியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

"யாரும்மா அது?" என்று கத்தினாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆள் இல்லை. ஒளிந்துகொள்ள அங்கே ஒரு புதர்கூடக் கிடையாது.

ஹம்னா படித்த பெண், அதுவும் பிடிவாதக்காரி. நேராக அங்கேயே நடந்தாள். வரப்பில் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. அதன் மேல் ஈரமாக, கருப்பாக, வெறுங்கால் தடங்கள். குழியிலிருந்து தொட்டிப் பக்கம் நாலைந்து எட்டு வந்து, அங்கேயே நின்றுவிட்டன. அந்த வெயிலிலும் காயவில்லை. குழியிலிருந்து வந்த தடங்கள்தான் இருந்தன. குழிக்குப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

குழியை எட்டிப் பார்க்கலாம் என்று போனாள். குழியின் பாதியைச் சிமெண்டுப் பலகை மூடியிருந்தது. மீதியில் பச்சை ஏடு கனமாகப் படிந்து, மேலே கொப்புளம் கொப்புளமாக நுரை. ஒரு கொப்புளம் உடைந்தது. ப்ளக்... அந்த நாற்றம் முகத்தில் வந்து மோதியதும் அவள் திரும்பி ஓடி வந்துவிட்டாள். திங்கட்கிழமை ஆகட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று வீடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை எல்லோருக்கும் அரை நாள். பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். சிவஞானம் விருந்தாளிகளுக்கு ஏற்பாடு செய்யத் திண்டிவனம் போயிருந்தார். டிரம்மில் இன்னும் ஒரு சாண் மாவுதான் குறை. ஹம்னா ஒருத்தி மட்டும் ஷெட்டுக்குள் இருந்தாள்.

பன்னிரண்டேகால் இருக்கும். சக்கரத்தின் சத்தம் மாறியது.

சளக்... சளக்... என்று சுற்றிக்கொண்டிருந்தது, ச...ளக்... ச...ளக்... என்று இழுத்தது. மோட்டார் திணறியது. குழாயில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி.

வெளியே வந்தாள். கொடியில் துணிகள் இல்லை.

சிமெண்டு மேடையில் இருந்தன. ஐந்தும், ஒன்றன் மேல் ஒன்றாக, சுருக்கம் இல்லாமல் விரித்து. முதலில் பெரியது. அதன் மேல் அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கு மேல் நடுவில் கிழிசல் உள்ள துணி. ஜான்சி போட்ட தையல் பிரிந்திருந்தது. நூல் ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலே மார்பு மறைக்கிற துண்டு ஒன்று, தலைக்கு ஒன்று.

போன வருஷம் சின்னம்மா இறந்து, மையத்தைக் குளிப்பாட்டியபோது ஹம்னா பக்கத்திலேயே இருந்தாள். அந்தக் கிழிசல் கிழிசல் இல்லை என்று இப்போது புரிந்தது. அது கழுத்து நுழைகிற இடம்.

கபன். பெண் மையத்துக்கு உடுத்துகிற ஐந்து துணி. தைக்காமல், கத்தரி போடாமல் கிழித்துக் கொடுப்பது. மூன்று நாளாக அதில்தான் பாசி வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெந்நீர் போட்டாச்சா?"

பின்னால் குரல். சாதாரணமான குரல். அடுப்படியில் நின்று கேட்கிற மாதிரி.

திரும்பினாள். பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. ரம்ஜான் பீவி. ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் குளிப்பாட்டி, கபன் உடுத்தி அனுப்புகிற அம்மா. சின்னம்மாவையும் அவர்தான் குளிப்பாட்டினார். மகன் ஹம்தான் ஷார்ஜாவில், இவர் இங்கே தனியாக.

"பெரியம்மா! நீங்களா? பயந்தே போயிட்டேன். இங்க எங்க வந்தீங்க?"

"மௌத்துன்னு சொன்னாங்க."

"யாரு?"

"அதாம்மா தேடறேன். துணி இருக்குது. மையத்தத்தான் காணோம்."

ஹம்னா அப்போதுதான் கவனித்தாள். ரம்ஜான் பீவி முழுக்க நனைந்திருந்தார். துப்பட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. பேசும்போது வாயோரத்தில் பச்சை நுரை வந்து வந்து போனது. உப்புக் காற்று அவர் பக்கமிருந்து அடித்தது. கற்பூரம்... அதன் அடியில் அந்த இனிப்பு நாற்றம்.

"துணிய ஏம்மா நனைச்சீங்க?"

குனிந்து துணியைத் தடவினார். வலது கை. விரல்கள் ஊறி, வெளுத்து, உப்பியிருந்தன.

சுருக்கத்தை நீவிவிட்டார். மெதுவாக. பக்குவமாக.

கையை எடுத்தார்.

தோல் வரவில்லை.

கையுறையைக் கழற்றி வைத்தது போல... ஐந்து விரலும், நகங்களும், அப்படியே துணியில் கிடந்தன.

ஹம்னா மேடையைவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். வருத்தமில்லை. எங்கேயோ எதையோ மறந்து வைத்துவிட்டவர் மாதிரி ஒரு யோசனை, அவ்வளவுதான்.

"நேரமாவுது. வெயில்ல ரொம்ப நேரம் வெக்கக் கூடாதும்மா."

திரும்பி நடந்தார்.

வரப்பு வழியாக. மோட்டார் குழிக்கு.

படி இறங்குகிற மாதிரி... ஒரு கால். இன்னொரு கால். இடுப்பு. தலை.

பச்சை ஏடு மூடிக்கொண்டது.

ப்ளக்...

மோட்டார் இரைந்தது. சக்கரம் ஒரு தடவை இழுத்தது. ஹம்னாவின் கண் முன்னால் டிரம் இருந்தது. சுவிட்சை அணைத்தால் எல்லாம் போயிற்று. தொட்டி போயிற்று, திங்கட்கிழமை போயிற்று, அத்தாவின் மாத்திரை போயிற்று, ஜான்சிக்கும் மற்ற பெண்களுக்கும் வேலை போயிற்று. அவள் அதை எல்லாம் நினைத்தாள், நினைக்காமல் இல்லை. ஆனால் அந்தக் குழியிலிருந்து இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் இந்தத் தொட்டிக்குள் வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஓடிப் போய் சுவிட்சை அடித்து அணைத்தாள்.

அவ்வளவு அமைதியை அந்த இடத்தில் அவள் அதுவரை கேட்டதில்லை. ஆறு மாதமாக ஓயாத சக்கரம் நின்றுவிட்டது.

அப்புறம் சிவஞானத்துக்குப் போன். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து குழாயைத் தூக்கினார்கள். குழாயின் வாயில் இருந்த சல்லடை தெரியவில்லை. நரைத்த முடி அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக இறுகியிருந்தது. முடியோடு சேர்ந்து வெள்ளைத் துப்பட்டி வந்தது. சிமெண்டுப் பலகைக்கு அடியில் சிக்கிக் கிடந்த ரம்ஜான் பீவியும் வந்தார்.

சிவஞானம் வந்து பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்தார். வெறும் பச்சைத் தண்ணீர் வந்தது. அதற்கப்புறமும் அவர் விரலை எடுக்கவில்லை. ஜான்சி விஷயம் தெரிந்ததும் சாம்பலையும் மணலையும் போட்டு முகத்தைத் தேய்த்ததில் ரத்தம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். யாரைக் குறை சொல்ல? அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அதுகூடப் போதாது.

கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மையத்துக் குளிப்பாட்டிவிட்டு, குறுக்கு வழியாக உப்பள வரப்பில் வந்திருக்கிறார், பலகையில் கால் வழுக்கி உள்ளே விழுந்திருக்கிறார் என்று போலீசில் முடித்தார்கள். தனியாக இருக்கிறவர் என்பதால் யாரும் தேடவில்லை. மகன் போன் போட்டுப் பார்த்து, எடுக்காததால், அம்மா சார்ஜ் போட மறந்துவிட்டார் என்று இருந்திருக்கிறார். உப்பில் ஊறியதால் முகம் அவ்வளவாகக் கெடவில்லை. வலது கையில் மட்டும் தோல் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது மேடையில் துணி மேல் கிடந்ததை ஹம்னா அவர்களிடம் சொல்லவில்லை. அவளே ஒரு துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், மையத்தோடு சேர்த்துவிட்டாள்.

குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை. ஊருக்கே குளிப்பாட்டியவர், அவருக்கு யார் செய்வது? நாற்றத்துக்குப் பயந்து பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் ஹம்னாவும் அவள் அம்மாவும்தான் உள்ளே போனார்கள். அம்மா சொல்லச் சொல்ல ஹம்னா தண்ணீர் ஊற்றினாள். வலப் பக்கம் முதலில். தொடும்போதெல்லாம் குமட்டியது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அது அழுகையா குமட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனை குடம் ஊற்றியும் தண்ணீர் பச்சையாகவே வடிந்தது. கடைசிக் குடத்தில் கற்பூரம் கரைத்து ஊற்றியபோதுதான் தெளிந்தது.

தொட்டியில் இருந்த பாசி அன்றைக்கு மாலைக்குள் அழுகிவிட்டது. திங்கட்கிழமை யாரும் வரவில்லை. கம்பெனி பூட்டியது பூட்டியதுதான். ஹம்னா இப்போது ஆரோவில்லில் சோப்புச் செய்கிற ஒரு இடத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் குறைவுதான். கை மணக்கிறது, அது போதும் என்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான்கூட, வெயிலில் ஏதோ மயக்கம், நாற்றத்தில் ஏதோ பிரமை என்று நினைத்து மறந்திருப்பேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற பக்கீர் முஹம்மது, ஹம்னாவின் அத்தாவைப் பார்க்க வந்தார். வயசானவர். ரொம்ப நேரம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஹம்னாவைக் கூப்பிட்டார்.

"அந்த சேலத்துக்கார சார் புதன்கெழமதானம்மா எங்கிட்ட துணி வாங்கினாரு?"

"ஆமா சாச்சா."

"கண்ணெல்லாம் செவந்து வந்து நின்னாரு. வெள்ளத் துணி, தைக்காதது, அவசரம்னு மெதுவா சொன்னாரு. வேற என்னன்னு நெனைப்பேன்? ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டேன். பொம்பளைங்கதான் பாக்கறாங்கன்னாரு. எங்கன்னு கேட்டேன், பாசிக் கம்பெனின்னாரு. உசரம் கேட்டா அவருக்குத் தெரியல. சரி, குளிப்பாட்டற அம்மாவையே கேப்போம்னு ரம்ஜான் பீவிக்கு போன் போட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஹம்னாவுக்குத் தெரியும். ரம்ஜான் பீவி இறந்து பத்து நாளுக்குக் குறையாது என்றார். துணி வாங்கியதற்கு முந்தைய வாரமே அவர் அந்தக் குழிக்குள் போய்விட்டார். அவருடைய போனும் இடுப்புப் பையில், அதே தண்ணீரில்தான் கிடந்தது.

"எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"மொத ரிங்குலயே எடுத்தாங்கம்மா. பாசிக் கம்பெனில மௌத்தாம், என்ன உசரத்துக்குத் துணி கிழிக்கட்டும்னு கேட்டேன். என் உசரத்துக்கே கிழிங்க பாய்னாங்க. எப்ப வந்து சேருவீங்கன்னு கேட்டேன்." பக்கீர் முஹம்மது டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் இங்கதான் பாய் இருக்கேன்னாங்க. பின்னால மோட்டார் ஓடற சத்தம் கேட்டுது. சரி, சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க போலன்னு வெச்சிட்டேன்."